நோயாளியின் வீட்டாரிடம் யார் பேசுவது?

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் சாலையில் இருக்கிறது வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்குதான் உள்ளது. அதை ஒட்டிய பகுதியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இயங்கி வருகிறது. 1989-இல் தனி மாவட்டமான திருவண்ணாமலைக்கு, 2013-இல்தான் மருத்துவக் கல்லூரி கிடைத்தது. அதற்கு முன் பெரிய நோய் என்றால் வேலூர், புதுச்சேரி, சென்னை என்று ஓட வேண்டிய நிலை. இன்று செங்கம், தண்டராம்பட்டு, கலசப்பாக்கம், போளூர், ஜவ்வாது மலை எனப் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் நோயாளிகளை அழைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வருகின்றனர்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்வு நாள் கூட்டம் நடைபெறும். பட்டா, முதியோர் உதவித்தொகை, குடிநீர் என்று மனுவோடு வருபவர்களுக்கு அங்கே ஓர் ஒழுங்கு உண்டு. எந்த நாளில் வர வேண்டும், எங்கே வரிசையில் நிற்க வேண்டும், யாரிடம் மனுவைக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கேட்டது கிடைக்கிறதோ இல்லையோ, கேட்பதற்கு ஒரு நாளும் ஒரு மேசையும் இருக்கின்றன.

ஆனால், எந்த ஊர்ப் பெரிய மருத்துவமனையையும் எண்ணிப் பாருங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே, படிக்கட்டிலும் மரத்தடியிலும் பாய் விரித்துக் காத்திருக்கும் குடும்பத்துக்கு அப்படி ஒரு நாளோ மேசையோ இருக்கிறதா? "இப்போ எப்படி இருக்காரு?" என்று அவர்கள் யாரிடம், எத்தனை மணிக்கு, எங்கே நின்று கேட்பது? பெரும்பாலான மருத்துவமனைகளில் இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லை. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்பதும், வெளியே வரும் செவிலியரின் முகத்தைப் படிக்க முயல்வதும், கூட்டிப் பெருக்க வருபவரிடம் விசாரிப்பதும்தான் அவர்களுக்குத் தெரிந்த வழி. இது சிறு குறை போலத் தோன்றலாம். ஆனால், நம் நாட்டில் மருத்துவருக்கும் மக்களுக்கும் இடையே வளர்ந்து வரும் கசப்பின் வேர்களில் ஒன்று இங்கேதான் இருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

கிண்டியில் நடந்தது

2024-ஆம் ஆண்டு நவம்பர் 13 அன்று, சென்னை கிண்டியில் உள்ள கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையில், புற்றுநோய் மருத்துவர் பாலாஜி ஜெகநாதன் பணியில் இருந்தபோதே கத்தியால் பலமுறை குத்தப்பட்டார். குத்தியவர், அங்குச் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணின் மகன். தாய்க்குத் தரப்பட்ட சிகிச்சை சரியில்லை என்பது அவரது குறை. தவறேதும் நடக்கவில்லை என்பது அரசுத் தரப்பின் விளக்கம். நல்லவேளையாக மருத்துவர் உயிர் பிழைத்தார்.

கத்தியை எடுத்ததற்கு எந்த நியாயமும் கிடையாது. அதில் நமக்கு இரு கருத்து இல்லை. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர்களையும் மருத்துவமனைகளையும் வன்முறையிலிருந்து காக்க 2008-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் தன் கடமையைச் செய்ய வேண்டும்.

கிண்டி நிகழ்ச்சியைத் தொடர்ந்து மருத்துவர்கள் போராட்டத்தில் இறங்கினர். காவலர் எண்ணிக்கை, கண்காணிப்புக் கேமரா, உடனிருப்போருக்கு அடையாளப் பட்டை என்று பல ஏற்பாடுகள் பேசப்பட்டன. எல்லாம் தேவையானவையே. ஆனால், உள்ளே வருபவரைச் சோதிப்பது பற்றிப் பேசிய அளவுக்கு, உள்ளே வந்தவரிடம் என்ன பேசுவது, எப்படிப் பேசுவது என்பது பற்றி நாம் பேசவில்லை. ஒரு மகன், தன் தாயின் நோய் எந்த நிலையில் இருக்கிறது, தரப்படும் மருந்து என்ன செய்யும், எதைச் செய்யாது, என்னென்ன பக்கவிளைவுகள் வரும் என்பதைத் தன் மொழியில், பொறுமையாக, ஒரே இடத்தில் கேட்டறிய வழி இருக்கிறதா? இது கிண்டியைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. எல்லா மருத்துவமனைகளையும் பற்றிய கேள்வி.

கத்தி எடுப்பவர் ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை. மற்றவர்கள் அமைதியாகத் தான் வீடு திரும்புகின்றனர். ஆனால் "கடைசி வரைக்கும் ஒண்ணும் சொல்லலியே" என்ற வருத்தத்தை அவர்கள் ஆண்டுக்கணக்கில் சுமக்கின்றனர். அந்த ஊமை வருத்தமே நமது அக்கறை.

மருத்துவர் ஏன் பேசுவதில்லை?

மருத்துவர்களுக்கு இரக்கமில்லை என்று சொல்லிவிடுவது எளிது, அது நியாயமன்று. அரசு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் ஒரு காலைப் பொழுதில் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். முதல் நாள் இரவு பார்த்த மருத்துவர் மறுநாள் காலை இருக்கமாட்டார். ஒருவர் "பரவாயில்லை" என்று சொன்னதை, அடுத்தவர் "மோசம்" என்று சொல்ல நேரிடும். சொன்ன சொல்லே நாளை வழக்காக வருமோ என்ற அச்சமும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, துயரச் செய்தியை எப்படிச் சொல்வது என்று பெரும்பாலான மருத்துவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

விதி இல்லாமல் இல்லை. 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக நன்னடத்தை விதிகள், நோயின் கடுமையை மருத்துவர் மிகைப்படுத்தவும் கூடாது, குறைத்துக் காட்டவும் கூடாது என்கின்றன. நோயாளிக்கும் குடும்பத்துக்கும் நன்மை தரும் அளவுக்கு, நோயின் நிலை பற்றிய அறிவு அவர்களிடம் இருப்பதை மருத்துவர் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதும் அதே விதி. அதாவது, 'சொல்லிவிட்டேன்' என்பது போதாது. கேட்டவருக்குப் புரிந்ததா என்று பார்ப்பதும் மருத்துவரின் கடமை.

பயிற்சியும் இப்போதுதான் வந்திருக்கிறது. 2019-இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்கள் முதல், மனப்பாங்கு, அறநெறி, உரையாடல் ஆகியவை பாடத்திட்டத்தின் பகுதியாக்கப்பட்டன. வேங்கிக்கால் பக்கம் படிக்கும் மாணவர்களும் இந்தப் பாடத்தைக் கற்றே வெளிவருவார்கள். இது நல்ல தொடக்கம். ஆனால் வகுப்பில் கற்றதைச் செய்து பார்க்க, மருத்துவமனையில் ஒரு நாற்காலியும் பத்து நிமிடமும் வேண்டுமே! அவற்றை ஒதுக்கித் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு.

துயரச் செய்தி சொல்வதற்கென வால்ட்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் உள்ளிட்ட மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டில் ஆறு படிகள் கொண்ட ஒரு முறையை வெளியிட்டனர். இன்று உலகெங்கும் மருத்துவக் கல்லூரிகளில் அது கற்பிக்கப்படுகிறது. அதில் பெரிய தந்திரம் எதுவும் இல்லை. முதலில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் உட்கார வேண்டும். அடுத்து, "உங்களுக்கு இதுவரை என்ன சொல்லியிருக்காங்க?" என்று கேட்க வேண்டும். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்பதை அறிந்துகொள்ள வேண்டும். பிறகு, எளிய சொற்களில், சிறிது சிறிதாகச் சொல்ல வேண்டும். அழுகையோ கோபமோ வந்தால் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். இறுதியாக, அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பதைச் சேர்ந்து பேச வேண்டும். நம் ஊர்ப் பெரியவர்கள் சாவுச் செய்தி சொல்லப் போகும்போது, வாசலில் நின்று கொட்டிவிட மாட்டார்கள். உள்ளே போய், உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். நாம் அறிந்த பண்புதான் அது. மருத்துவமனையின் அவசரத்தில் அதைத் தொலைத்துவிட்டோம்.

சொல்லும் புரிதலும்

வீட்டார் காதில் விழும் சொற்களையும் கவனிப்போம். "கிரிட்டிக்கல்", "24 மணி நேரம் போகட்டும்", "வென்டிலேட்டர் வைக்கணும்", "ரிஸ்க் இருக்கு, கையெழுத்துப் போடுங்க". மருத்துவருக்கு இவை அன்றாடச் சொற்கள். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு தகப்பனுக்கு இவற்றில் எது புரியும்? '24 மணி நேரம்' என்றால் மறுநாள் இதே நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் எண்ணிக்கொள்கிறார். செயற்கை சுவாசக் கருவி மூச்சுக்குத் துணை செய்யும். நோயை அதுவே குணப்படுத்திவிடாது. இந்த ஒரு வரியைச் சொல்லாததால், "மெஷின் வெச்சும் காப்பாத்தலியே" என்று வீட்டார் ஏமாற்றம் அடைகின்றனர்.

கையெழுத்தும் அப்படித்தான். ஒப்புதல் படிவம் என்பது உரையாடலின் முடிவில் வர வேண்டியது. உரையாடலே இல்லாமல் படிவம் மட்டும் நீட்டப்படும்போது, அது மருத்துவமனை தன்னைக் காத்துக்கொள்ளும் காகிதமாகவே மக்கள் கண்ணுக்குத் தெரிகிறது. ஆபத்தானதையும், மாற்று வழியையும், சிகிச்சையே வேண்டாமென்றால் என்ன ஆகும் என்பதையும் போதிய அளவு விளக்கிய பிறகு பெறுவதே ஒப்புதல் என்று உச்ச நீதிமன்றம் 2008-ஆம் ஆண்டு சமிரா கோலி வழக்கில் தெளிவுபடுத்தியது.

இதில் பணமும் கலந்திருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. பெரிய உதவிதான். ஆனால் உடனிருப்பவரின் சாப்பாடு, பேருந்துக் கட்டணம், போன கூலி ஆகியவற்றைக் குடும்பம்தான் தாங்க வேண்டும். தனியார் மருத்துவமனை என்றால் நகையும் நிலமும் அடகுக்குப் போகின்றன. பிழைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதை மூன்றாம் நாளே மென்மையாகச் சொல்லியிருந்தால், பதினைந்தாம் நாள் வரை வட்டிக்கு வாங்கியிருக்கமாட்டார்கள். உண்மையைத் தள்ளிப்போடுவதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பது ஏழைக் குடும்பம்.

நோயாளிக்குத் தெரிய வேண்டாமா?

மருத்துவர்களைக் கேள்வி கேட்கும் நாம், நம் வீடுகளையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மருத்துவர் நேரம் ஒதுக்கிப் பேச வந்தாலும், நாம் முதலில் சொல்வது என்ன? "அப்பாவுக்கு எதுவும் தெரிய வேண்டாம் சார். எங்ககிட்ட மட்டும் சொல்லுங்க." அறிக்கை மூத்த மகன் கைக்கோ, படித்த மாமா கைக்கோ போய்விடும். இரவு பகலாக அருகில் இருந்து பார்த்துக்கொள்ளும் மனைவிக்கோ மகளுக்கோகூட முழு உண்மை தெரியாது. நோயாளியிடம் "சாதாரணக் கட்டிதான்" என்கிறோம். அவரோ, தலைமுடி கொட்டுவதையும் உறவினர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துப் போவதையும் கவனித்து, எல்லாம் தெரிந்தவராக, நமக்காகத் தெரியாதவர் போல நடிக்கிறார். ஒரே வீட்டில் எல்லாரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்து, ஒவ்வொருவரும் தனித்தனியே அழுகின்றனர்.

இது நம் நாட்டின் வழக்கம் மட்டுமன்று. 1961-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவர்களில் பத்தில் ஒன்பது பேர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாதிருப்பதையே விரும்பினர். 1979-இல் அதே கேள்வியைக் கேட்டபோது, 97 விழுக்காட்டினர் சொல்வதே சரி என்றனர். பதினெட்டே ஆண்டுகளில் ஒரு நாட்டின் மருத்துவப் பழக்கம் தலைகீழாக மாறியது. சிகிச்சை முறைகள் வளர்ந்ததும், நோயாளியின் உரிமை பற்றிய விழிப்புணர்வும் இதற்குக் காரணங்கள்.

அவர்கள் வழியை அப்படியே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நம் நாட்டில் குடும்பமே நோயாளிக்கு அரண். அந்த அரணை ஒதுக்கிவிட்டு நோயாளியிடம் மட்டும் பேசுவது நமக்கு ஒத்துவராது. ஆனால் குடும்பம் அரணாக இருக்கலாம். மதிலாக மாறிவிடக் கூடாது. நிலத்தை யார் பெயருக்கு எழுதுவது, பேசாமல் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டுச் சமாதானம் ஆவதா, பேத்தியின் திருமணத்தை முன்கூட்டியே வைப்பதா என்பதையெல்லாம் முடிவு செய்ய ஒரு மனிதருக்குக் காலம் வேண்டும். உண்மையை மறைக்கும்போது அந்தக் காலத்தை அவரிடமிருந்து நாம் பறித்துவிடுகிறோம். "உங்க உடம்பைப் பத்தி டாக்டர் சொல்றதை நீங்களே கேட்கிறீங்களா, இல்லை நாங்க கேட்டுக்கட்டுமா?" என்று அவரையே கேட்டுவிடலாம். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு.

நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் இதற்கு ஒரு தெளிவான எடுத்துக்காட்டு இருக்கிறது. நோயில் பூசுதல் அருளடையாளத்தை நம் முன்னோர் 'அவஸ்தைப் பூசுதல்' என்றே அழைத்தனர். அந்தப் பெயரைக் கேட்டாலே சாவு வாசலில் நிற்பதாகத் தோன்றும். இது சாகும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று என்பதை 1963-இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவுபடுத்தி, நோயில் பூசுதல் என்னும் பெயரே பொருத்தமானது என்றது. பெயர் மாறி அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன, பயம் மாறவில்லை. "சாமியாரைக் கூப்பிட்டா அம்மா பயந்துடுவாங்க" என்று தள்ளிப்போட்டு, நினைவு தப்பிய பிறகே பங்குத்தந்தையைத் தேடி ஓடும் வீடுகள் இன்றும் உண்டு. ஆறுதல் பெற வேண்டியவர் அந்த ஆறுதலை உணர முடியாத நேரத்தில் அது வந்து சேர்கிறது.

"இனி ஒன்றுமில்லை" என்பது உண்மையா?

குடும்பங்கள் மிகவும் அஞ்சும் சொல் ஒன்று உண்டு: "இனி செய்யறதுக்கு ஒண்ணுமில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க." இதைக் கேட்டவர்கள், தாங்கள் கைவிடப்பட்டதாகவே உணர்கிறார்கள். உண்மையில், நோயைக் குணப்படுத்த முடியாத நிலையிலும் செய்ய வேண்டியவை ஏராளம். வலியைக் குறைக்கலாம், மூச்சுத் திணறலைத் தணிக்கலாம், படுக்கைப் புண் வராமல் காக்கலாம், பார்த்துக்கொள்பவருக்குத் தைரியம் சொல்லலாம். இதுவே நோய் ஆதரவு சிகிச்சை. கேரளத்தில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் உள்ளிட்டோர் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய பணி, ஊர்தோறும் தன்னார்வலர்களைக் கொண்ட இயக்கமாக வளர்ந்தது. 2008-இல் அம்மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே சென்று அளிக்கும் நோய் ஆதரவு சேவையும் சேர்க்கப்பட்டது. "ஒன்றுமில்லை" என்று சொல்வதற்குப் பதிலாக, "நோயை மாற்ற முடியாது, ஆனால் வலியில்லாமல் பார்த்துக்கொள்ள முடியும். அதற்கு யாரைப் பார்ப்பது என்று எழுதித் தருகிறோம்" என்று சொன்னால், அதே செய்தி எவ்வளவு வேறாக ஒலிக்கிறது!

பயன் தராத உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துவது பற்றி உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று வழிமுறைகளை வகுத்தது. அவை நடைமுறைக்குக் கடினமாக இருந்ததால் 2023 ஜனவரி 24 அன்று எளிமையாக்கியது. இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து, குடும்பத்தாரோடு பேசி, அவர்கள் ஒப்புதலோடு முடிவெடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். உயிர் இறைவனின் கொடை என்று நம்பும் நமக்கு இது கவனமாக அணுக வேண்டிய துறை. கொல்வதும், பயனற்றுப்போன சிகிச்சையால் சாவை இழுத்துப் பிடிக்காமல் இருப்பதும் ஒன்றல்ல என்பதைத் திருஅவையும் தெளிவாகப் போதித்து வருகிறது. எப்படியாயினும், இத்தகைய முடிவுகளில் குடும்பத்தார் பங்கேற்க வேண்டுமானால், முதல் நாளிலிருந்தே அவர்களுக்கு உண்மை சொல்லப்பட்டிருக்க வேண்டும். பதினான்கு நாள் மௌனத்துக்குப் பின் பதினைந்தாம் நாள் வந்து "முடிவு சொல்லுங்க" என்றால், எந்த மகனால் சொல்ல முடியும்?

நம்மால் ஆவது என்ன?

2020, 2021 ஆகிய கொரோனா ஆண்டுகளை நாம் மறந்துவிடவில்லை. வீட்டார் வார்டுக்குள் நுழைய முடியாத அந்நாள்களில், உள்ளே இருந்த செவிலியர் ஒருவர் கைபேசியில் "சாப்பிட்டாரு, தூங்கறாரு" என்று சொன்ன இரண்டு சொல்லுக்காகக் குடும்பமே காத்திருந்தது. அந்த இரண்டு சொல் வந்த வீடுகளில் துயரம் இருந்தது. ஆனால் சந்தேகம் இல்லை. சொல் வராத வீடுகளில் இரண்டும் இருந்தன.

எனவே, மருத்துவமனைகளிடம் நாம் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் அன்று. தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே, தினமும் குறித்த ஒரு நேரத்தில், பொறுப்பான ஒருவர் வீட்டாரை உட்கார வைத்துப் பேச வேண்டும். மாற்றம் இல்லாவிட்டாலும், 'மாற்றம் இல்லை' என்று சொல்ல வேண்டும். என்ன சொன்னோம் என்பதை நோயாளியின் குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதிவைத்தால், அடுத்து வரும் மருத்துவர் முரண்பட்டுப் பேச நேராது. மனு கொடுப்பவர்களுக்காக வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கக் கற்றுக்கொண்ட ஆட்சிமுறைக்கு, நோயாளியின் வீட்டாருக்காக நாளில் அரைமணி நேரம் ஒதுக்குவது இயலாத காரியமா?

குடும்பங்களாகிய நாமும் செய்ய வேண்டியது உண்டு. மருத்துவரிடம் பேச ஒருவரை, உடன் இன்னொருவரைத் தேர்ந்துகொள்வோம். அருகில் இருந்து பார்த்துக்கொள்பவர் அந்த இருவரில் ஒருவராக இருக்கட்டும். கேட்க வேண்டியதைத் தாளில் எழுதிச் செல்வோம். நோய் என்ன, இப்போது தரும் சிகிச்சையின் நோக்கம் குணமா, நிம்மதியா, அடுத்த சில நாள்களில் என்ன எதிர்பார்க்கலாம் என்ற மூன்று கேள்விகள் போதும். புரியாவிட்டால், "தமிழ்ல இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஊரிலிருந்து வரும் இருபது பேரும் இருபது முறை மருத்துவரை மறிப்பதைத் தவிர்ப்போம்.

பங்குகளில் நோயாளரைச் சந்திக்கச் செல்லும் அன்பியத்தாரும் மரியாயின் சேனையினரும் இதில் பெரிதும் உதவ முடியும். "ஒண்ணும் ஆகாது", "எங்க சித்தப்பாவுக்கும் இதேதான், ஆறு மாசத்துல போயிட்டாரு" என்னும் இரண்டு வகைப் பேச்சும் அங்கு வேண்டாம். படிவத்தைப் படித்துக் காட்டலாம். மருத்துவரைப் பார்க்கும் நேரத்தில் கூடப்போய் நிற்கலாம். இரவில் ஒரு வேளை மாற்றி இருந்து, பார்த்துக்கொள்பவரைத் தூங்கச் சொல்லலாம். பேச எதுவும் இல்லையென்றால், கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

ஆண்டுதோறும் பிப்ரவரி 11-ஆம் நாளை உலக நோயாளர் நாளாக 1993 முதல் சிறப்பித்து வருகிறோம். அன்று நோயாளருக்காகச் செபிக்கிறோம்; பழங்கள் கொடுக்கிறோம். வரும் ஆண்டில், வார்டுக்கு வெளியே பாய் விரித்துக் காத்திருப்பவர்களையும் தேடிச் செல்வோம். அவர்களுக்கு வேண்டியது பழம் அன்று; உள்ளே இருப்பவர் எப்படி இருக்கிறார் என்ற ஒரு நேர்மையான சொல். அந்தச் சொல் அவர்களுக்குக் கிடைக்கும் வரை கூடவே நிற்போம்.